திகன புளி ஆறு

10.3.85 ஞாயிறு

இந்த நேரத்தில் விளக்கைப் போட்டு எழுதுகிறேன், கோபிக்காதேங்கோ. "கண் கெட்டுப்போகும், போய்ப் படும்" என்று சொல்ல நீங்கள் பக்கத்தில் இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நேற்று ஆராய்ச்சிக்கு நூல் கட்டின என்னுடைய இலைகளைப் பார்க்க எனக்குப் பதிலாகப் போனீர்கள். இன்று மத்தியானம் பொலிஸ் வந்து அலுமாரியைக் கிளறின பிறகுதான் தெரியும், திகனயில் பஸ்ஸை மறித்து உங்களை இறக்கிக் கொண்டுபோனது. பையில் என்னுடைய வரைபடம்.

பக்கத்து வீட்டு ரபீகா பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "அழாத புள்ள. இந்தப் பிலிமத்தலாவையில வாத்தியாரத் தெரியாத ஆள் யாரு?" என்றா. நான் அழவில்லை. வரவில்லை.

11.3

ரபீகாவின் புருஷன் றிஸ்வி நானா ஸ்டேஷனுக்குக் கூட வந்தார். இன்ஸ்பெக்டரின் மேசையில் என் வரைபடம். என் கையெழுத்தில் 'பன்வில புளி 4', 'திகன புளி 6'. பல்கலைக்கழக ஆராய்ச்சிக்குக் குறித்த மரங்கள் — பன்விலயில் குடம்புளி என்கிற கொறுக்காய்ப்புளி, திகனயில் பழப்புளி. சோம்பலில் இரண்டையும் வெறும் புளி என்று எழுதி வைத்தேன்.

"திகனயில ஆறு புலி. பன்விலயில நாலு. மற்றதுகள் எங்க?" சிங்களத்தில் கேட்டார்.

"புலி இல்லை ஐயா, புளி. நாக்கை மடிச்சுச் சொல்ல வேணும்."

தமிழ் தெரியுமென்று நிறுத்தியிருந்த பொலிஸ்காரன் சத்தமாக "புலி" என்றான். "அதைத்தானே நானும் சொல்றன்!"

றிஸ்வி நானாவுக்கு வந்த சிரிப்பு இருமலாகிப் போனது. நான் சியம்பலா, கொரக்கா என்று சிங்களப் பேரையும் சொன்னேன்.

"சரி, மரம். ஏன் இலையில சிவப்பு நூல் கட்டியிருக்கு?"

"எப்ப விழுது எண்டு பார்க்க."

"விழுந்தா?"

விழுந்தால் எழுதி வைப்பேன் என்று சொன்னால் ஆர் நம்புவினம்?

14.3

இரண்டு இலையும் கொண்டு போனேன். இன்ஸ்பெக்டர் கொறுக்காய் இலையை விரலால் மடித்துப் பார்த்தார். சொன்னேன்: இந்தத் தடிப்புக்கு மரம் நிறையச் செலவழிக்கிறது, செலவை மீட்கக் கனகாலம் வைத்திருக்க வேணும். பழப்புளியின் இலை மெல்லிசு, மலிவு. கெதியாய், உடனுக்குடன் சாப்பாடு தேடித் தரும். மண் காய்ந்தால் மரம் அதை உதறிவிட்டு மழைக்குப் புதுசு போடும். இரண்டும் பிழைக்கிற வழிதான். தடிப்பும் கெதியும் ஒரே இலையில் கிடைக்காது.

"எங்கட அம்மா மீனுக்குப் போடுற கொரக்கா," என்றார். நம்பிவிட்டார், முகத்தில் தெரிந்தது.

"நோனா சொல்றது சரிதான். ஆனா கடதாசி கொழும்புக்குப் போயிட்டுது. அதில புலி எண்டுதான் கிடக்கு."

கடதாசியோடு நீங்களும். தெற்கே காலி ஊர்ப் பக்கம் ஒரு தடுப்பு முகாமாம்.

21.3

அது மரக் கணக்குத்தான் என்று புரொபெசர் கடிதம் தந்தார். ஆங்கிலத்தில், நல்ல கடிதம். ஆரிடம் கொடுக்கிறது?

2.4

முகாம் வாசல். பிள்ளையோடு பஸ் மாறி மாறிப் போனேன். பேர் இல்லை என்றார்கள். பிறகு இருக்கு, வியாழன் வா என்றார்கள். வெயில். பிள்ளை குடித்த பாலை எல்லாம் கக்கினாள். காவலில் நின்ற பொடியன் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, "பிள்ளையைக் கொண்டு வராதீங்க, அக்கே" என்றான்.

தூக்கிக்கொண்டு வரும்போது பாரமே இல்லை. பயமாய்க் கிடக்கு.

9.4

யாழ்ப்பாணத்திலிருந்து வரதன் அண்ணா வந்திருக்கிறார்.

"ரெண்டு பேரும் என்னோட யாழ்ப்பாணத்துக்கு வெளிக்கிடுங்கோ."

"நான் போனா அந்த வாசல்ல ஆர் நிக்கிறது?"

"அப்ப பிள்ளையைத் தா. வீட்டில மச்சாள் பாத்துக்கொள்ளுவா. நீ அலையிற அலைச்சலில அது செத்துப்போம்."

வாயில் வந்ததெல்லாம் சொல்லி ஏசினேன். ரபீகா ஓடி வந்துவிட்டா. அண்ணா கதிரையில் இருந்து பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார்.

உதிர்க்க முன்னம் மரம் இலையில் இருக்கிற சத்தை எல்லாம் கொப்புக்குத் திருப்பி எடுத்துவிடும். அதனால்தான் மஞ்சளாய் விழுகிறது. பச்சையாய் விடாது — காற்று முறித்தாலொழிய. இதைப் பெடியளுக்கு எத்தனை தரம் படிப்பித்திருப்பேன். என்ர பிள்ளை பச்சை. உங்களை விடவா, அவளை விடவா? ஏன் என்னட்டக் கேக்கினம்? நான் மரமா?

14.4

வருஷப் பிறப்பு. அடுப்பு மூட்டவில்லை.

19.4

நேற்று வாசலில் ஒரு கடிதம் கொடுக்கலாம், பதிலும் தருவார்கள் என்றார்கள். அடுத்த வியாழன் இந்தப் பக்கத்தைக் கிழித்துக் கொண்டுவருவேன். தனியாக நிற்கிறது சுகம். பஸ் ஸ்ராண்டில் இருந்தபடியே நித்திரை கொள்ளலாம்.

ரபீகா மல்லிகைப்பூ கொண்டுவந்து நெஞ்சில் வைத்துக் கட்டிவிட்டா. "ரெண்டு மூணு நாள்ல பால் வத்திரும் புள்ள, பொறுத்துக்க." கல்லுப்போல் கட்டியிருக்கிறது. சட்டை நனைந்துகொண்டே இருக்கிறது. பிள்ளை மச்சாளின் கையால் கஞ்சி குடிக்கிறாளாம், அண்ணா தந்தி அடித்திருக்கிறார்.

உங்களைக் கேளாமல் அனுப்பிவிட்டேன். கோபமென்றால் கோபமென்றே எழுதுங்கோ. கெதியாய் எழுதுங்கோ.