துடிக்கிற ஒன்று

என் அருமைத் தம்பி பூனைக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். போனில் சொன்னால் கேலி பேசி மழுப்பிவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் அண்ணி இதைப் படமெடுத்து இன்றே அனுப்பிவிடுவாள். பதறாதே. கறிக்கடையை இப்போதைக்கு அவளும் அவள் தம்பியும் பார்த்துக்கொள்கிறார்கள். அவன் வெட்டுகிற அழகைப் பார்த்தால் செத்த ஆடே எழுந்து வந்து சண்டை போடும்.

விஷயம் இதுதான். இடது தோளில் ஒரு வலி. உரித்த ஆட்டைத் தூக்கிக் கொக்கியில் மாட்டுகிறவனுக்குத் தோள் வலிக்காமல் வேறு எது வலிக்கும் என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு திரிந்தேன். அண்ணி ஒரே வார்த்தைதான் சொன்னாள். "உங்க அப்பாவும் தைலம் தேச்சுக்கிட்டேதான் போய்ச் சேர்ந்தாரு." தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன்.

இருட்டான சின்ன அறை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, நெஞ்சில் சில்லென்று ஒரு பசையைத் தடவி, கருவியை வைத்து அழுத்திய டாக்டரம்மா, திரையை என் பக்கம் திருப்பினார். பூனை, என்னத்தைச் சொல்வேன்! இதயம் எனக்கென்ன புதிதா? தினமும் எடுத்துக் கழுவித் தராசில் வைக்கிறவன். எங்கே அறை, எங்கே கொழுப்பு, எல்லாம் என் கைக்குத் தெரியும். ஆனால் நான் தொட்டதெல்லாம் நின்றுபோனவை. துடிக்கிற ஒன்றை இந்த வயதில்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். அதுவும் என்னுடையது!

உள்ளே குட்டிக் கதவு திறக்கிறது, மூடுகிறது, மறுபடி திறக்கிறது. நான் குறட்டை விட்டபோதும், எடை குறைகிறது என்று சொன்னவனோடு மல்லுக்கு நின்றபோதும், உன்னோடு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த நாட்களிலும் அது பாட்டுக்கு வேலை பார்த்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வலிக்கிறதா என்று டாக்டரம்மா கேட்டார். "இல்லம்மா, அசையுது" என்றேன். அவருக்குச் சிரிப்பு.

பிறகு ஒரு மூலையைக் காட்டினார். மற்ற இடமெல்லாம் சுறுசுறுப்பாக இருக்க, அது மட்டும் மசமசவென்று கிடந்தது. அதற்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் அடைப்பு இருக்கும் என்றார். மறுநாள் எடுத்த படத்திலும் அப்படித்தான் இருந்தது. சாப்பாட்டை விசாரித்தார். உனக்குத் தெரியாததா? வாங்க வருகிறவர்கள் கொழுப்பை எடுத்துவிடச் சொல்வார்கள். தூக்கிப்போட மனசு வராமல் அப்பா காலத்திலிருந்து அது நம் வீட்டுக்குத்தான் வருகிறது. ஊரே வேண்டாமென்று ஒதுக்கியதை நாம் சப்புக்கொட்டித் தின்றிருக்கிறோம். போதாததற்கு வெண்ணெய், பாலாடை. கேட்டதும் டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது மட்டுமே காரணமில்லை, பரம்பரையும் சேரும், ஆனால் கொழுத்த ஆட்டுக்கறியும் மாட்டுக்கறியும் வெண்ணெயும் ரத்தத்தில் கெட்ட கொழுப்பை ஏற்றும், நம் மாதிரிக் குடும்பத்துக்கு ஆபத்து கூடுதல் என்று பொறுமையாகச் சொன்னார். இனிமேல் கறி எப்போதாவது, அதுவும் ஒரு கை அளவு. பால் என்றால் ஆடை எடுத்தது. கறிக்கடைக்காரன் வீட்டில் பருப்பும் கீரையும் வேகிறது, சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

வியாழக்கிழமை அந்தக் குழாயைத் திறந்துவிடப் போகிறார்கள். பயமாகத்தான் இருக்கிறது, உன்னிடம் மறைப்பானேன்.

பாலாடையைத் திருடித் தின்று மாட்டிக்கொண்டுதானே உனக்குப் பூனை என்று பேர் வந்தது? நீ அனுப்பும் படங்களிலெல்லாம் தட்டு நிறைய இறைச்சியும் சீஸும்தான். போன வாரம் பேசும்போது தோள் பிடித்துக்கொண்டது, தலையணை சரியில்லை என்றாய். அப்போது நானும் தைலம் தேய்க்கத்தான் சொன்னேன். வேண்டாமடா.

எனக்காக ஓடி வராதே. நாளைக்கே லீவு போட்டு, அங்கேயே ஓர் இருட்டறையில் படுத்து, உன்னுடையதைப் பார்த்துவிடு. பார்த்தால் நீயும் அசந்துபோவாய். நின்றுபோனவற்றை நிறையப் பார்த்துவிட்டேன், அப்பாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டதும் நான்தான். உன்னுடையது நன்றாக அசைகிறது என்று ஒரு வரி எழுது. வியாழனுக்குள் வந்தால் நிம்மதியாகப் போய்ப் படுப்பேன்.

நீ நூறு வயது நன்றாக இரு.

உன் அண்ணன்