சியா புட்டிங் நான் செய்தது

2026 பிப்ரவரி 22, ஞாயிறு

அம்மா கருமத்தம்பட்டியிலிருந்து பஸ் மாறி வந்துவிட்டுப் போனாள். தட்டைப்பயறுக் குழம்பு, ரசம், உருளைக்கிழங்கு வறுவல், எல்லாம் வீட்டிலிருந்தே செய்து எடுத்துவந்திருந்தாள். வங்கியின் பெரியநாயக்கன்பாளையம் கிளைக்கு மாற்றலாகி நான் இந்த அறைக்கு வந்ததிலிருந்து ஒரு ஞாயிறுகூட அவள் தவறியதில்லை. மற்ற நாட்களுக்கு மெஸ். தனியாக இருக்க விட்டதே நிபந்தனையோடுதான். அடுப்பு கூடாது, கத்தி கூடாது. "கண்ணு தெரியாத புள்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? நா இருக்கறேனில்ல" என்பாள்.

பிறந்ததிலிருந்தே எனக்குப் பார்வை இல்லை. வங்கியில் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்ட, கடன் விண்ணப்பங்களைச் சரிபார்க்கிறேன். இந்தக் குறிப்பையும் போன்தான் எனக்குத் திரும்ப வாசிக்கும். ஊரார் வீட்டுக் கடனுக்கெல்லாம் நான் பெரிய மனுஷி. கத்தி என்றால் மட்டும் குழந்தை.

பிப்ரவரி 25, புதன்

மகளிர் தினம் ஞாயிற்றுக்கிழமை வருவதால், முந்தின நாள் மார்ச் 7 சனியன்றே கிளையில் விருந்து. ஆளுக்கு ஒன்று கொண்டுவர வேண்டும். கூட வேலை செய்யும் கீதா ஒவ்வொரு மேசையாக வந்து சொல்லிக்கொண்டு போனாள். பக்கத்து மேசைக்குத் தக்காளி சாதம். அடுத்தது நான். "மேகலா, நீங்க ஒண்ணும் கொண்டார வேண்டாங்க. நீங்க வந்தாப் போதும்."

பாசமாகத்தான் சொன்னாள். அதுதான் எரிந்தது. "இனிப்பு நான் கொண்டாரேனுங்க" என்று சொல்லிவிட்டேன்.

என்ன இனிப்பு? அடுப்பில்லாமல்? வாய் முந்திக்கொண்டது.

பிப்ரவரி 26

கண்டுபிடித்துவிட்டேன். சியா விதையைப் பாலில் கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் விடிவதற்குள் தானாகவே கெட்டிப்பட்டு புட்டிங் ஆகிவிடுமாம். மேலே பழம். தீயே வேண்டாம். அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். காய்ச்சத் தேவையில்லாத அட்டைப்பெட்டிப் பால் வாங்க வேண்டும்.

பிப்ரவரி 27

மளிகைக்கடை சுப்பண்ணன் கொடுத்த விதையைப் பாலில் போட்டுவிட்டுக் கைகழுவி வருவதற்குள் வழவழவென்று உப்பிவிட்டது. இவ்வளவு சீக்கிரமாகவா? விசாரித்தால், அது சப்ஜா. சர்பத்தில் போடுவது. மீதியைத் திருப்பிக் கொண்டுபோனேன். "ரெண்டும் கருப்பா பொடுசா இருக்குதுங்க அம்மணி, எனக்கே கொழம்பிப்போச்சு" என்று சொல்லி மாற்றித் தந்தார். கண் தெரிந்தவருக்கே!

மார்ச் 1, ஞாயிறு

நேற்று மாலை ஊறவைத்த கிண்ணத்தை அம்மா ஃப்ரிட்ஜில் பார்த்துவிட்டாள். "இதென்ன அம்மணி, தவளை முட்டையாட்டம்?" ஆபீஸில் ஒருத்தி கொடுத்தது என்று பொய் சொன்னேன். அவள் போன பிறகு தின்று பார்த்தேன். அடியில் ஒரே கட்டி. மேலே வெறும் பால். நல்லவேளை, பொய் சொன்னேன்.

மார்ச் 3

தப்பு பிடிபட்டது. கலந்ததும் அப்படியே ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. விதை கொஞ்சம் ஊறியதும் கரண்டியை அடிவரை விட்டு இன்னொரு முறை கலக்க வேண்டும். நேற்றிரவு அப்படிச் செய்தேன். காலையில் ஸ்பூனில் எடுத்துக் கவிழ்த்தேன். விழவில்லை. விரலால் தொட்டேன், சின்னச் சின்ன மணிகளாக, குளிர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டியும் ஒட்டாமலும். நாட்டுச்சர்க்கரை போட்டிருந்தேன். பல் தேய்ப்பதற்கு முன்பே முழுக் கிண்ணமும் காலி.

மார்ச் 5

கத்தி வாங்கினேன்.

மார்ச் 7, சனி

வேலைக்குக் கிளம்புமுன் பழம் நறுக்கினேன். இடது கை விரல்களை உள்ளே மடக்கி, விரல் கணுக்களை ஒட்டியே கத்தியை இறக்க வேண்டும். பப்பாளி, செவ்வாழை. மாதுளையை உதிர்த்தேன். ஆளுக்கொரு கப், எல்லாவற்றையும் துணிப்பையில் வைத்து ஆட்டோவில் மடியிலேயே பிடித்துக்கொண்டு போனேன்.

எல்லாரும் சாப்பிட்டார்கள். பேச்சு நின்று ஸ்பூன் சத்தம் மட்டும் கேட்டது. மேனேஜர் செங்கோட்டையன் சார் சொன்னார்: "அம்மாகிட்ட சொல்லுங்க மேகலா, ரொம்ப நல்லாருக்குதுன்னு."

"அம்மாவுக்கு இதோட பேரே தெரியாதுங்க சார். நாந்தான் செஞ்சேனுங்க. பழமும் நாந்தான் நறுக்குனேன்."

காலிக் கப்பை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. அப்புறம் சார், "இன்னொரு கப் இருக்குதுங்களா?"

இருக்கவில்லை. எல்லாம் தீர்ந்துபோயிருந்தது. காலிப் பையோடு வீட்டுக்கு வந்தேன். எப்படி இருந்தது தெரியுமா — ராணி மாதிரி.

மார்ச் 8, ஞாயிறு

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவளுக்கென்று ஒரு கப் இங்கே ஃப்ரிட்ஜிலேயே எடுத்தும் வைத்திருந்தேன். அவள் கேட்டது ஒன்றுதான். "கத்தியா எடுத்தே?" என் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள். காயம் இல்லை. காயம் இருந்திருந்தால் திட்டியிருப்பாள். இல்லாததால் என்ன செய்வதென்று தெரியவில்லை போல. "அப்பொறம் நா எதுக்கு வாரது?" என்று சொல்லிவிட்டு முன்னதாகவே பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். கப்பைத் தொடவில்லை.

ஏம்மா இப்படி? நா நல்லா செஞ்சா உனக்குச் சந்தோஷம் இல்லியா? கண்ணு தெரியாதவ கையை வெட்டிக்கிட்டு நின்னாத்தான் உனக்கு மனசு ஆறுமா?

இதை எழுதியது தப்பு. அவள் அப்படி இல்லை. ஆனாலும் அழிக்கப்போவதில்லை.

மார்ச் 15, ஞாயிறு

அம்மா வரவில்லை. "மூட்டு வலிக்குது கண்ணு" என்றாள் போனில். மூட்டு வலியோடு எத்தனையோ ஞாயிறு வந்தவள்தான். நானும் வற்புறுத்தவில்லை. தட்டைப்பயறுக் குழம்பு வேண்டும் போலிருந்தது. அதையும் சொல்லவில்லை. கத்தியைக் கழுவித் துடைத்து, எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் 22, ஞாயிறு

கதவு தட்டும் சத்தத்திலேயே தெரிந்துவிட்டது, அம்மாதான். வந்தவள் சமையல்கட்டுப் பக்கம் போகவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தாள்.

"பஸ்ல நிக்கக்கூட எடமில்ல. காலைல டீ குடிச்சதோட வந்துட்டேன். சாப்பிட என்ன வெச்சிருக்கிறே அம்மணி?"

இந்தக் கேள்வியை அம்மா என்னிடம் கேட்டு நான் கேட்டதே இல்லை.

இரவே ஊறவைத்தது இருந்தது. சப்போட்டாவை எடுத்து அவள் முன்னாலேயே உட்கார்ந்து நறுக்கினேன். வளையல் சத்தம்கூட இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன். ஆனால் கையை நீட்டிக் கத்தியைப் பிடுங்கவில்லை.

கப்பைக் கொடுத்தேன். அடிவரை சுரண்டித் தின்றாள்.

"சக்கரை கொஞ்சம் தூக்கல்" என்றாள்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. அடுத்த முறை குறைக்க வேண்டும்.