பிக்கப்பில் கேட்ட கடகட சத்தம்

வியாழன். நாள் முழுக்கத் தூறல்.

மூன்று வாரமாக என் பிக்கப் வண்டியில் கடகடவென்று ஒரு சத்தம். கராஜில் காட்டினால் மட்டும் கேட்காது. மெக்கானிக் ரஃபீக் நானா இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லையே தங்கச்சி" என்றார். என் காதில்தான் கோளாறோ என்று பயந்துவிட்டேன்.

இன்று கொட்டகலைச் சந்தையில் மரக்கறி மூட்டைகளை இறக்கியதும் என் வீட்டுக்காரர், "நீ ஓட்டு. நான் பின்னால படுத்துக் கேக்குறேன்" என்று ஏறிப் படுத்தார். நான்காவது வளைவில் தகரத்தைத் தட்டினார். "நிப்பாட்டு புள்ள! கேட்டுருச்சு!"

அடியில் ஸ்பெயார் டயரைத் தாங்கும் கம்பியில் ஒரு நட் கழன்றிருந்தது. இறக்கத்தில் டயர் விழுந்திருந்தால், பின்னால் வருகிறவர்கள்... கயிற்றால் இறுக்கிக் கட்டினோம்.

வீடு வரை சத்தமே இல்லை. நனைந்த சட்டையோடு, "நீ சொன்னது சரிதான்" என்றார். இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னார்.