கந்தக அமிலமும் சம்பந்தியம்மாவும்

அன்பு மகள் தமிழரசிக்கு, அந்தமான் ரங்கத்திலிருந்து அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம். மதுரையில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாகத்தான் இருப்பீர்கள், அங்கே கவனித்துக்கொள்ள ஆளா இல்லை. போனில் பேசினால் உன் மாமியார் பக்கத்திலேயே இருப்பார்கள், அதனால்தான் கடிதம், கப்பலில் போகும் சண்முகம் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். கருவாடும் இருக்கிறது, உன் மாமியாருக்கும் கொடு, கொஞ்சமாக. இங்கே விடாத மழை, போர்ட் பிளேர் பஸ் வழியில் நின்றுபோய் அப்பா நனைந்து வந்து தும்மிக்கொண்டிருக்கிறார்.

விஷயத்துக்கு வருகிறேன். லேப் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினாயே, அதன் கீழே, அமிலத்தின் மோலாரிட்டி கண்டுபிடிக்க அமிர்தவல்லி அம்மா சொல்லிக்கொடுத்தார்கள் என்று எழுதியிருந்தாய். மாமியார் எப்போதிலிருந்து அம்மா ஆனார்கள்? கல்யாணத்தில் அத்தை என்றுதானே கூப்பிட்டாய்? அவர்கள் ரிட்டயர்டு கெமிஸ்ட்ரி டீச்சர் என்றால், இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அதே கெமிஸ்ட்ரி எடுக்கிற நான் என்ன பூப்பறித்துக்கொண்டிருக்கிறேனா? எனக்கு வயிறு எரிந்தது, மறைக்க மாட்டேன். உடனே பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அமிலம் இருபது மில்லி, அதற்கு 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு முதல் தடவை 20.3 மில்லி, அடுத்த இரண்டு தடவையும் 19.6. ஒத்துப்போகாத முதலாவதை விட்டது சரிதான். 19.6-ஐ 0.1-ஆல் பெருக்கி இருபதால் வகுத்தேன், 0.098 வந்தது. உன் நோட்டில் அதில் சரிபாதி, 0.049. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. சம்பந்தியம்மா தப்பு என்று பக்கத்து வீட்டு வங்காளி அக்கா வரைக்கும் சொல்லியாயிற்று. அப்பாதான் தும்மிக்கொண்டே, அது என்ன அமிலம் என்று கேட்டார். கந்தக அமிலம். அதில் ஒரு பங்குக்குக் காரம் இரண்டு பங்கு செலவாகும், அதனால் பாதிதான் சரி. வருஷா வருஷம் பிள்ளைகள் இதை மறக்கும்போது தொண்டை கிழியக் கத்துகிறவள் நான். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது. சோடோ பானு, விட்டுத்தள்ளு, யார் சொல்லிக்கொடுத்தால் என்ன என்றார் அப்பா. அவருக்கென்ன, நீ இன்னும் அவரை மட்டும்தான் அப்பா என்று கூப்பிடுகிறாய்.

கணக்கில் அவர்கள் ஜெயித்தார்கள், ஒப்புக்கொள்கிறேன், அதை அவர்களிடம் சொல்லிவிடாதே. சந்தேகத்தையும் அவர்களிடமே கேள், எனக்கும் உனக்கும் நடுவில் கடல் கிடக்கிறது. ஆனால் அத்தை என்றே கூப்பிடு. இது ஒன்றை மட்டும் என்னால் பங்கு போட முடியாது.

படிப்பிலும் வாழ்விலும் ஒரு குறையும் இல்லாமல் இருவரும் நூறாண்டு நன்றாக இருங்கள். பிப்பெட்டை வாயால் உறிஞ்சாதே.

இப்படிக்கு,
உன் ஒரே அம்மா,
பானுமதி