பெட்டிக்குள் இருப்பது என் அப்பா

செப்டம்பர் 4, திங்கள்

மழை. கேசோன் சிட்டி முழுக்க வண்டிகள் நின்ற இடத்தில் நிற்கின்றன. வேலைக்கு நாற்பது நிமிடம் தாமதம்.

'வாடகை மோதிரம்' படம் எங்கள் லேபுக்கு வந்துவிட்டது. எட்டு டப்பா, 1994ஆம் வருடத்து நெகடிவ். சுத்தம் செய்து நவம்பரில் தியேட்டரில் போட வேண்டும். என் மேலதிகாரி மேம் லூசில் அதற்குள் போஸ்டரே எழுதிவிட்டாள்: 'முதன்முறையாக முழுமையாக! யாரும் பார்க்காத பதினேழு நிமிடங்கள்!'

"யாரும் பாக்காததுக்கு ஒரு காரணம் இருக்கும் மேம்."

"உன் வேலை கீறல் எடுக்கிறது ஜெரிகோ. வாய் கொடுக்கிறது இல்ல."

இங்கே மூன்று வருடத்தில் ஒன்பது 'இயக்குநர் பதிப்பு' பார்த்தாயிற்று. ஒன்பதிலும் கூடுதலாக வந்தது என்ன? யாராவது கதவு வரை நடப்பார். கதவைத் திறப்பார். அப்புறமும் நடப்பார். குழந்தை பிறந்த பிறகு தொப்புள்கொடியைச் சட்டம் போட்டு மாட்டுகிற வேலை.

ஆனால் இந்தத் தடவை ஒரு சிக்கல். அந்தப் பதினேழு நிமிடத்தில் என் அப்பா இருக்கிறார்.

செப்டம்பர் 5

வரிசையாக எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தலை வலிக்கும்.

அப்போதெல்லாம் ஒரே பிரதியை இரண்டு தியேட்டர்கள் பங்கு போட்டு ஓட்டும். இங்கே ஓடி முடிந்த சுருளை மோட்டார் சைக்கிளில் அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பவன் லகாரிஸ்டா. படம் வெளியான முதல் நாள், எஸ்பான்யா சாலையில் வெள்ளம். வண்டி சீட்டு வரை தண்ணீர். விமர்சகர்கள் உட்கார்ந்திருந்த தியேட்டருக்கு ஐந்தாவது சுருள் வந்து சேரவில்லை. ஆபரேட்டர் பொறுமை இல்லாமல் ஆறாவதை ஓட்டிவிட்டான்.

நாலாவது முடியும்போது நாயகி துணிப்பெட்டியோடு வாசலில் நிற்கிறாள். ஆறாவது தொடங்கும்போது கறுப்பு உடுத்தி, செத்த புருஷன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணம், ஏழு வருடக் குடித்தனம் எல்லாம் எஸ்பான்யாவில் மிதந்துகொண்டிருந்தது. விமர்சகர்கள் எழுந்து நின்று கைதட்டினார்களாம். 'ஏழு வருடத்தை ஒரே எட்டில் தாண்டிய துணிச்சல்!' மறுநாளே தயாரிப்பாளர் எல்லாத் தியேட்டரிலும் ஐந்தாவதைத் தூக்கச் சொல்லிவிட்டார். டிரெக் நார்சிங்குக்கு (டைரக்டரை இங்கே 'டிரெக்' என்றுதான் கூப்பிடுவார்கள்) அந்த வருடம் சிறந்த இயக்குநர் பரிசு. பரிசை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டு, இருபத்தொன்பது வருடமாகப் பேட்டிக்குப் பேட்டி அழுகிறார்: "என் படத்தை வெட்டிக் கொன்னுட்டாங்க!"

அந்தப் புருஷன்தான் அப்பா. ஜீப்னி, அதாவது ஷேர் ஜீப், ஓட்டுகிறவர். டிரெக் ஒருநாள் ஏறி, முகத்தைப் பார்த்து, நடிக்கக் கூப்பிட்டார். ஐந்தாவது சுருள் போனதும் அப்பாவுக்கு மிஞ்சியது சவப்பெட்டி. பெட்டி மூடியின் கண்ணாடிக்குக் கீழே மூக்கு. நாற்பத்து மூன்று விநாடி.

தெருவில் அவர் பெயர் 'சவம்'. "சவம், குபாவ் வரைக்கும் ஏத்திக்கிறியா?" அம்மா வேறு: "நான் கட்டிக்கிட்டதே பொணத்தைத்தான்."

செப்டம்பர் 11

ஐந்தாவது டப்பாவைத் திறந்தேன். ஃபிலிம் கெட்டு வினிகர் நெடி. காவலாளி எட்டிப் பார்த்து, "அடோபோ கறியா? எனக்கும் கொஞ்சம் வைங்க" என்றான்.

செப்டம்பர் 14

பார்த்தேன்.

அப்பாவுக்கு இருபத்தாறு வயது, இப்போது என் வயது. தலை நிறைய முடி. நடிப்பு—

கொடுமை. கல்யாண ஷாட் ஒன்றில் மட்டும் முப்பத்தொரு தடவை கண் சிமிட்டுகிறார். எண்ணினேன். 'நீ இல்லாம எனக்கு வாழ்க்கை இல்ல' என்பதை 'குபாவ்! குபாவ்! இன்னும் ரெண்டு பேர்!' என்று கூவுகிற அதே ராகத்தில் சொல்கிறார். சுருள் முழுக்க அப்படித்தான். இதைச் சேர்த்தால் படம் அங்கேயே படுத்துவிடும். வெள்ளம்தான் உண்மையான எடிட்டர்.

வீட்டில் சோறு போட்டுக்கொண்டே அப்பா கேட்டார்: "எப்படி இருக்கேன்?"

"முடி நிறைய இருக்கு."

"நடிப்பு?"

"கலர் இன்னும் சரி பண்ணலப்பா."

நவம்பர் பத்தாம் தேதிக்குத் தெருவிலிருந்து இருபத்திரண்டு பேரைத் தன் ஜீப்னியிலேயே கூட்டிப்போகிறாராம். "ஒரு தடவையாவது என்னை உயிரோட பாக்கட்டும்டா."

அக்டோபர் 6

டிரெக் நார்சிங் பார்க்க வந்தார். எழுபத்து நாலு வயது, கைத்தடி, உள்ளேயும் கறுப்புக் கண்ணாடி. நாலாவது முடிந்தது. ஐந்தாவது ஓடியது. கண்ணாடியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார்.

விளக்கு வந்ததும் கைத்தடியை ஊன்றி எழுந்தார். பிறகு, "தம்பி, இதுக்காகவா நான் இத்தனை வருஷம் அழுதேன்?"

மேம் லூசில் முகம் போஸ்டர் பேப்பர் நிறத்துக்குப் போனது.

"தூக்கு. தியேட்டர்ல ஓடினதுதான் என் பதிப்பு. எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஒருவழியாக ஒரு இயக்குநருக்குப் புத்தி வந்தது. ஆனால் என் வாய் வேறு பேசியது: "டிரெக், போஸ்டர் அடிச்சாச்சு. சனங்க எதிர்பாக்குறாங்க. சரித்திர மதிப்பு..."

சரித்திர மதிப்பு! நானா சொன்னேன்?

"அந்தப் புருஷனைப் பாத்தியா? ஜன்னல் கட்டை கூட அவனைவிட நல்லா நடிக்கும்."

"அது எங்க அப்பா."

டிரெக் என்னைப் பார்த்தார். முக்கியமாக மூக்கை. "அப்படியா. பெட்டிக்குள்ள பிரமாதமா நடிச்சார்ப்பா. மூச்சே விடல."

அக்டோபர் 7

அப்பாவிடம் சொல்லவில்லை. கோழை.

அக்டோபர் 9

சொன்னேன். தட்டில் இருந்த மீனைப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "யாரு எடுக்கச் சொன்னது?"

"டிரெக்கே."

"எனக்கு அதைக் காட்டு."

அக்டோபர் 10

மதியம் லேபுக்குக் கூட்டிவந்தேன். யூனிஃபார்ம் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு வந்திருந்தார். பதினேழு நிமிடம் நாற்பது விநாடி. கல்யாணக் காட்சியில் அவரும் எண்ணுகிறார் என்று உதட்டைப் பார்த்துத் தெரிந்தது.

"முப்பதா?"

"முப்பத்தொண்ணு."

"தூசி விழுந்துச்சுடா அன்னைக்கு."

"ம்."

"இல்லடா. பயம்." எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டார். "நார்சிங் சரியாத்தான் சொல்றாரு. இவ்வளவு நாள் தண்ணி வெட்டுச்சு. இப்ப டைரக்டரே உக்காந்து பாத்து வெட்டிருக்காரு. அது வேற."

வேறா? என்ன வேறு? வாசல் வரை போய்த் திரும்பி, "தெருக்காரங்ககிட்ட வர வேண்டாம்னு சொல்லிடவா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திருக்காமல் போய்விட்டார்.

அக்டோபர் 16

சவப்பெட்டி ஷாட். 1,032 ஃபிரேம். மூன்று நாளாக இதே வேலை. மற்ற ஷாட்டுகளுக்கு இவ்வளவு செய்ததில்லை, மேமுக்குத் தெரிந்தால் கத்துவாள். கீறல், அழுக்கு, ஆட்டம் எல்லாம் எடுத்தாயிற்று. மூக்கில் மச்சம் கூடத் தெரிகிறது.

முப்பத்தோராவது விநாடியில் கண்ணாடியில் ஒரு சின்ன வெண்மை. மூக்குக்கு நேர் மேலே. பரவுகிறது, மறைகிறது. பூஞ்சையா? பூஞ்சை இப்படி வந்துபோகாது.

ஆவி. மூச்சு!

பழைய அழுக்குப் பிரதியில் யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. இதை அழிப்பதுதான் என் தொழில். பத்து நிமிட வேலை.

அக்டோபர் 18

டிரெக் கடைசிப் பார்வை. "கண்ணாடில ஏதோ கறை மாதிரி?"

"ஃபிலிம்லயே பூஞ்சை, டிரெக். எடுத்தா மூக்கும் சேந்து போயிடும்."

"மூக்கு வேணும். விட்டுடு."

தொழிலில் நான் சொன்ன முதல் பொய்.

புது போஸ்டர்: 'இயக்குநரே ஒப்புக்கொண்ட பதிப்பு.' "அதே பழைய படம்தானே மேம்?" என்றேன். "அவர் ஒத்துக்கிட்டது புதுசுதானே?" என்றாள்.

நவம்பர் 10, வெள்ளி

வர வேண்டாம் என்று அப்பா யாரிடமும் சொல்லவில்லை. இருபத்திரண்டு பேரும் வந்தார்கள். மேலும் நாலு பேர் நெருக்கிக்கொண்டு ஏறி, இருபத்தாறு. விஷயத்தை அப்பா வழியிலேயே சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் பெட்டிதான். டைரக்டர் ஆசைப்பட்டார்." ஒரே சிரிப்பு. அம்மா மட்டும் சிரிக்கவில்லை, அப்பா சட்டைக் காலரைச் சரிசெய்தாள்.

நாயகி வாசலில் நின்றாள். அடுத்த கணம் கறுப்பு உடையில் இருந்தாள். உடம்பு சிலிர்த்தது. நல்ல வெட்டு. அதில் எனக்கு இன்னும் சந்தேகம் இல்லை.

பிறகு பெட்டி. தியேட்டர் முழுக்க நாயகி அழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் இரண்டு வரிசை மட்டும் பிணத்தைப் பார்த்தது.

"அய்யய்யோ, சவம் மூச்சு விடுது!" பக்கத்து வீட்டு உப்பெங் அக்காதான். கிசுகிசுப்பதாக நினைத்துக்கொண்டு கத்தினாள். எங்கள் வரிசைகள் குலுங்கின. முன்னாலிருந்து டிரெக் திரும்பினார், கண்ணாடியைக் கழற்றி நேராக என்னைத் தேடினார். நான் குனிந்து செருப்பைப் பார்த்தேன்.

அப்பா என் காதில்: "நாலாவது டேக்டா அது. எவ்வளவு நேரம்தான் புடிச்சுக்கிட்டிருக்கிறது?"

திரும்பும்போது குபாவில் எவனோ ஓடிவந்தான். "சவம்! இன்னும் ஒரு ஆளுக்கு இடமிருக்கா?"

"இடமிருக்கு," என்றார் அப்பா. "சவம்னு கூப்பிட்டா இல்ல."