கேமராவுக்குச் சாக்ஸ் போட்டவர்

திங்கள், ஜூலை 7

காலையிலேயே தேரா முழுக்க வளைகுடாப் புழுக்கம். பஸ்ஸிலிருந்து இறங்கியதும் மூக்குக்கண்ணாடியை ஆவி மூடிக்கொண்டது. டியூட்டி வீட்டில் முதல் வேலை, ஹால் அலமாரியில் இருக்கும் கேமராவின் தலையிலிருந்து சாக்ஸைக் கழற்றியது. மறுபடியும். கம்பளிச் சாக்ஸ், அதுவும் இந்த ஊர்ச் சூட்டில்.

போட்டது கார்ல் சார். டென்மார்க்காரர், எழுபது தாண்டியவர். இடுப்பு ஆப்பரேஷன் முடிந்து, இங்கே வேலை பார்க்கும் மகள் லேனாவின் ஃபிளாட்டில் இருக்கிறார். பகலில் அவருக்கு நர்ஸ் நான். "சார் வேண்டாம் ஸ்டெல்லா, கார்ல்னு கூப்பிடு" என்று தினமும் ஒரு பாட்டு. அப்பா வயசு மனுஷனை எப்படிப் பெயர் சொல்லி?

கேமரா லேனா வைத்தது. ஆபீசிலிருந்து நேரலையில் பார்க்க மட்டும், பதிவாகாது. படம் இருட்டானால் போன் எனக்கு. அவருக்கு இல்லை.

"சார், இது உங்க பாதுகாப்புக்குத்தானே?"

"வீடு அவளுது. முகம் என்னுது."

சாக்ஸை மடித்து அவர் மடியில் வைத்தேன்.

பி.பி. பரவாயில்லை. நடை, ஹாலுக்குள் மட்டும். வாங்க: முருங்கைக்காய், தலைவலித் தைலம் (எனக்கு).

செவ்வாய், ஜூலை 8

அதே சாக்ஸ். இன்று கொஞ்சம் வாக்குவாதம்.

"எங்க ஊர்ல கைக்குழந்தைய வண்டியோட காபிக்கடை வாசல்ல விட்டுட்டு உள்ள போய்க் காபி குடிப்போம். அது பாட்டுக்குத் தூங்கும்."

பதறிவிட்டேன். "யாராவது தூக்கிட்டுப் போனா?"

"யாரு தூக்கப் போறா?"

"இங்கயும் அப்படித்தான் சார். போனை மேஜையில வச்சிட்டுப் போனா அப்படியே கிடக்கும். எந்த நேரத்துலயும் தனியா நடந்து வாரேன். எல்லா இடத்துலயும் கேமரா இருக்கு, அந்தப் பயம்."

"அதான் வித்தியாசம்."

"எதனால இருந்தா என்ன? என் செயின் என் கழுத்துல இருக்கே."

சிரித்தார். எனக்கு எரிச்சல். உங்கள் அரசாங்கத்திடம் உங்கள் விவரம் எதுவும் இல்லையா என்று கேட்டேன். எல்லாம் இருக்கிறதாம். பிறந்ததும் ஒரு நம்பர். அதைத் தட்டினால் பல் பிடுங்கியதுகூட வருமாம். அதில் அவருக்குக் கவலையே இல்லையாம்!

"அப்ப இந்தக் குட்டி கேமராவுக்கு மட்டும் ஏன் இந்தப் பாடு படுத்துறீங்க?"

"அங்க யார் என்னைப் பாத்தா, எதுக்குப் பாத்தான்னு நான் கேட்கலாம். பதில் சொல்லியே ஆகணும். அதனால நம்புறேன். லேனாகிட்டக் கேட்டா, 'உங்க நல்லதுக்குத்தான்'ங்கறா. அது பதிலா?"

ரூமில் பிரின்சியிடம் சொன்னேன். அவளும் நர்ஸ்தான், எங்கள் பக்கத்து ஊர்க்காரி. "கிறுக்கு பிடிச்ச மனுஷன். கேமரா இருந்தா நமக்குல்லா நல்லது" என்றாள். சரிதான். போன வீட்டில் ஒரு பாட்டியம்மா, நான் மாத்திரையே தரவில்லை என்று ஒப்பாரி வைத்தபோது என்னைக் காப்பாற்றியது கேமராதான். நம் வாயை யார் நம்புகிறார்கள்?

புதன், ஜூலை 9

சார் விழுந்துவிட்டார்.

இன்று அவர் மாட்டிய சாக்ஸைக் கழற்றுமுன் வாஷிங் மெஷினில் துணி போடப் போனேன். அதற்குள் தானே காபி போடுகிறேன் என்று கிச்சனுக்குப் போயிருக்கிறார். சத்தம் கேட்டு ஓடினேன். தரையில் கிடந்தார். நெற்றிப் பொட்டில் ரத்தம். அழுத்திப் பிடித்துக்கொண்டே ஆம்புலன்சுக்கு அடித்தேன். சீக்கிரமே வந்துவிட்டார்கள். தையல் போட்டார்கள். ஆப்பரேஷன் செய்த இடுப்புக்கு ஒன்றுமில்லை. மாதாவே, நன்றி.

லேனா ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. அப்பாவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"கேமராவுல சாக்ஸ் போட்டது யாரு?"

"உங்க அப்பாதான், மேடம்."

"அவரால இப்ப ஸ்டூல்ல ஏற முடியுமா?"

முடிகிறதே! காலையில்கூட 'இறங்குங்க சார்' என்று கத்தினேனே! சாருக்கு ஊசி மயக்கம். எனக்காகப் பேச ஆளில்லை.

வியாழன், ஜூலை 10

ஏஜென்சியிலிருந்து ரஹீம் பாய். எங்களை வீடு வீடாக டியூட்டிக்குப் போடுகிறவர், கீழக்கரைக்காரர். குரலில் சங்கடம்.

"சிஸ்டர், கம்ப்ளெய்ண்ட் வந்திருக்கு. விசாரணை முடியிற வரைக்கும் ரூம்லயே இருங்க."

"பாய், கேமராவ நான் மூடல."

"எனக்குத் தெரியும் சிஸ்டர். ஆனா ப்ரூஃப்?"

லைசென்ஸ் போனால் விசா போகும். ஊரில் என் வீட்டுக்காரருக்கு இன்னும் சொல்லவில்லை. கடலுக்குப் போயிருக்கிறார், திரும்பி வந்ததும் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்ல? ஒரு சாக்ஸினால் வேலை போச்சு என்றா?

கார்ல் சார் மேல் அப்படியொரு கோபம். பெரிய கொள்கை. அவருக்கென்ன, தையலோடு போச்சு.

சனி, ஜூலை 12

ரூம். ஏ.சி. சத்தம். பிரின்சி டியூட்டிக்குப் போய்விட்டாள். மீன் வாங்கவும் மனசில்லை. முட்டை.

ரஹீம் பாய் சொன்னது: சார் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தாயிற்று. என் இடத்தில் வேறு நர்ஸ். சாக்ஸ் போட்டது தான்தான் என்று அவர் அடித்துச் சொல்கிறாராம். மகள், அப்பாவுக்கு ஸ்டெல்லா மேல் பாசம், காப்பாற்றப் பார்க்கிறார் என்கிறாளாம். புது நர்ஸ் கையால் மாத்திரை வாங்க மாட்டேன் என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாராம்.

கோபம் கொஞ்சம் இறங்கியது. முழுக்க இல்லை.

திங்கள், ஜூலை 14

என்ன நாள் இது. எழுதித் தீர்க்க வேண்டும்.

லேனா வரச் சொன்னாள். ரஹீம் பாயும் நானும் போனோம். சார் நெற்றியில் பிளாஸ்திரியோடு சோபாவில். லேப்டாப்பைத் திறந்து, "எல்லாரும் இதைப் பாருங்க" என்றாள் லேனா.

ஹால். சார் ஸ்டூலில் ஏறி, சாக்ஸை மாட்டுகிறார். கீழே நான் ஸ்டூலைப் பிடித்தபடி, "இறங்குங்க சார், இறங்குங்க சார்" என்று அலறுகிறேன். பிறகு விழுந்த சத்தம், நான் ஓடுவது. எல்லாம் தெளிவாக.

"அல்ஹம்துலில்லாஹ்! கலாஸ் சிஸ்டர், மேட்டர் முடிஞ்சுது" என்றார் ரஹீம் பாய்.

எனக்கும் உயிர் வந்தது. அப்புறம்தான் உறைத்தது. பதியாத, மூடின கேமராவில் இது எப்படி?

எதிர்ச் சுவரில் இருந்த கடிகாரம். அதற்குள் இன்னொன்று. எனக்கும் தெரியாது, சாருக்கும் தெரியாது.

லேனா வேறு ஏதோ தேடி வேகமாக ஓட்டினாள். அதில் நான். தரையில் கால் நீட்டி முதுகை நெட்டி முறிக்கிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்து சோற்றைப் பிசைகிறேன். போனில் ஊரிலிருக்கும் என் மகளோடு பேசி, வைத்துவிட்டு, முந்தானையில்லாத யூனிஃபார்மில் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொள்கிறேன். அழுதிருக்கிறேன். என்றைக்கு என்று எனக்கே நினைவில்லை. அவளிடம் இருக்கிறது.

"ரொம்ப நல்லாப் பாத்துக்கிறீங்க ஸ்டெல்லா. நான் தினமும் பாப்பேன்." பாராட்டாகத்தான் சொன்னாள்.

"மேடம், இத எப்பப் பாத்தீங்க?"

லேப்டாப்பை மூடினாள்.

"விழுந்த அன்னைக்கா?"

"அன்னைக்குச் சாயங்காலமே. கடிகாரம் அப்பாவுக்குத் தெரிஞ்சிடுமேன்னுதான்..."

அத்தனை நாளும் தெரிந்திருக்கிறது. தெரிந்தே என்னை ரூமில் உட்கார வைத்திருக்கிறாள். புது நர்ஸிடம் அவர் மாத்திரை வாங்கியிருந்தால் இன்றும் சொல்லியிருக்க மாட்டாள்.

சார் எழுந்தார். வாக்கரைத் தள்ளிக்கொண்டு போய்க் கடிகாரத்தைக் கழற்றி மகள் மடியில் வைத்தார். அவர்கள் பாஷையில் ஒரே ஒரு வாக்கியம். அவள் அழ ஆரம்பித்தாள். தன் அம்மா, வீட்டில் தனியாக விழுந்து செத்துப்போனாராம், யாரும் பார்க்கவில்லையாம். அதனால்தானாம். இங்கிலீஷில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

பாவம்தான். ஆனாலும் நான் "பரவாயில்லை மேடம்" என்று சொல்லவில்லை. வழக்கமாக உடனே சொல்லிவிடுவேன்.

செவ்வாய், ஜூலை 15

மறுபடி டியூட்டி. கார்ல் சார் உற்சாகம். "ரெண்டு கேமராவையும் தூக்கிப் போடச் சொல்லிட்டேன். இனிமே நம்பிக்கை மட்டும்தான்."

வந்ததே கோபம்.

"எனக்கு ஒண்ணு வேணும் சார்."

திகைத்துவிட்டார். "நேத்து அவ்வளவு கோவப்பட்ட?"

"ஆமா. ஒளிச்சு வச்சதுக்கு. உங்களுக்கு நம்பிக்கை சுலபம் சார். நீங்க சொன்னா யாராவது கேப்பாங்க. பாஸ்போர்ட்ட எடுத்துட்டு எப்ப வேணா ஊருக்குப் போகலாம். நாளைக்கு நீங்க மறுபடி விழுந்தா என் பேச்ச யாரு கேப்பா? நீங்களே சொல்லியும் உங்க மகள் கேட்கலையே!"

ஸ்பூனைக் கீழே வைத்தார். மத்தியானச் சூப் ஆறிவிட்டது. சூடு பண்ணிக் கொடுத்தேன்.

"எங்க வைக்கணும்?" என்றார் கடைசியில்.

கிச்சனில். கண்ணுக்குத் தெரிகிற மாதிரி. குரல் பதியக் கூடாது. என்ன பதிகிறதோ அதை அவரும் நானும் கேட்டால் காட்ட வேண்டும். நான் சாப்பிடும் ஜன்னலோரம் தெரியக் கூடாது. என்னைப் பதிந்த பழையதெல்லாம் என் கண் முன்னால் அழிக்க வேண்டும். விரல் விட்டு எண்ணி எண்ணிச் சொன்னேன்.

சாயங்காலம் லேனா. முகம் சுருங்கித்தான் இருந்தது. ஆனால் அழித்தாள். நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். "மன்னிச்சிடுங்க" என்றாள். சார் சொல்லிக் கொடுத்ததா, தானாகவா, தெரியவில்லை.

வியாழன், ஜூலை 17

புழுதிக் காற்று. எதிர்க் கட்டிடம் தெரியவில்லை. சாருக்கு இருமல், ஆவி பிடிக்க வைத்தேன். கிச்சனுக்குள் போகும்போதெல்லாம் கேமராவுக்கு ஒரு சல்யூட் அடிக்கிறார். வேண்டுமென்றே. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

நர்ஸ் எல்லோருக்கும் ஏஜென்சி மெசேஜ். ஞாயிற்றுக்கிழமைக்குள் போனில் ஓர் ஆப் போட வேண்டுமாம். எங்கே இருக்கிறோம் என்று அதில் தெரியுமாம். டியூட்டி இல்லாத நேரமும் ஆனிலேயே இருக்க வேண்டுமாம். பிரின்சி படித்துக்கூடப் பார்க்காமல் போட்டுவிட்டாள்.

ரஹீம் பாய்க்கு அடித்தேன். "பாய், லீவு நாள்ல நான் எங்க போறேன்னு யாரு பாப்பா? எதுக்கு?"

"எல்லாம் உங்க சேஃப்டிக்குத்தான் சிஸ்டர்."

"அது சரி பாய். பாக்கது யாரு?"

போனுக்குள்ளே காகிதம் புரளும் சத்தம்.

"இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே சிஸ்டர்."

"இப்ப நான் கேக்கேன்."

ஆபீசில் விசாரித்துவிட்டுக் கூப்பிடுவதாகச் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை. நானும் ஆப் போடவில்லை.