லேன் கார்டு வரும்வரை ஆளை விடாதே

ஃபிலோ,

புது பிராட்பேண்ட் போட ஆள் பதினோரு மணிக்கு வருகிறார். நம் பழைய கம்ப்யூட்டரில் அந்த ஒயரைச் செருக இடமே இல்லை. எஸ்.பி. ரோட்டில் லேன் கார்டும் கொஞ்சம் மெமரியும் ஒரு கேமராவும் வாங்கி வருகிறேன்.

பழைய டெலிபோன் லைனில், மஸ்கட்டிலிருந்து நம் மகள் ரோஸி அனுப்பிய போட்டோ நெற்றியிலிருந்து மெல்ல இறங்கியது. மூக்கு வருவதற்குள் நீ பூசைக்குப் போய்த் திரும்பிவிட்டாய். வாய் வந்தபோது அவளுக்கு ஒரு வயது கூடியிருந்தது. நான் மிகைப்படுத்துகிறவன் இல்லை.

நான் வரும்வரை அந்த ஆளைப் போக விடாதே. காபி கொடுத்து, "எந்த ஊருப்பா?" என்று கேள். போனில் விசாரித்துவிட்டேன், உன் ஊர் தங்கவயல்தான். பிறகு உன்னை யாரால் நிறுத்த முடியும்? ஞாயிற்றுக்கிழமை, "உன் பேச்சுக்கு முடிவே இல்லையா?" என்று நான் கேட்டது தப்பு. மூன்று நாளாக நீ பேசாததில் குக்கரே விசிலடிக்கத் தயங்குகிறது.

சிரில்

திறந்து கிடக்கும் கம்ப்யூட்டரைத் துடைக்காதே.

ஏழு மணிக்கு ரோஸி கேமராவில் வருவாள். நாம் சண்டையே போடுவதில்லை என்று இத்தனை வருஷமாக அவளுக்கு மெயிலில் எழுதிவந்திருக்கிறேன். இன்று முதல் நம் முகமும் அவளுக்குத் தெரியும். அதற்குள் என்னோடு ஒரு வார்த்தை பேசிவிடு. திட்டாக இருந்தாலும் சரி.